எலுமிச்சை மஞ்சளானால் முதலில் எந்த இலையைப் பார்ப்பது

மரத்தடியில் நின்று முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: மஞ்சளாகியிருப்பது கொழுந்தா, முதிர்ந்த இலையா? பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். தழைச்சத்தையும் மக்னீசியத்தையும் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அவை குறைந்தால் கீழ் இலைதான் வெளுக்கும். இரும்பும் துத்தநாகமும் அப்படி நகராது. குறைந்தால் கொழுந்தில்தான் காட்டும்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள் என்றால் இரும்புக் குறை. இலை சிறுத்து, குறுகி, திட்டுத் திட்டாக வெளுத்தால் துத்தநாகக் குறை. மண்ணில் இந்தச் சத்துகள் இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. கடினமான போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறி, அவற்றைப் பூட்டிவிடுகிறது. உரக்கடையில் யூரியா வாங்கிப் போட்டால் இது தீராது.

இதற்கு இலைமேல் தெளிப்பதே வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 5 கிராம், மக்னீசியம் சல்பேட் 5 கிராம், அன்னபேதி (இரும்பு சல்பேட்) 2.5 கிராம். கரைத்து வடிகட்டி, புதுத் துளிர் ஓரளவு விரிந்ததும் வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். இரும்பு, பட்ட இடத்தை மட்டுமே பச்சையாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு துளிருக்கும் தெளிக்க வேண்டும்.

இலை நுனி கருகி, பாத்தியில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் தண்ணீரில் உப்பு அதிகம். தினமும் ஒரு குடம் தெளிப்பது உப்பை வேர் மட்டத்திலேயே நிறுத்திவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். மாடி மழைநீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் உப்பு கழுவி இறங்கும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் நீரையும் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

நரம்பு மட்டும் மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக இருந்தால் இலையை விட்டுவிட்டு அடிமரத்துக்குக் குனியுங்கள். பட்டை வெடித்துப் பிசின் வழிகிறதா? அப்படியானால் அடிமரம் அழுகுகிறது. தண்ணீர் தண்டைத் தொட்டு நிற்பதும், ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதைந்திருப்பதுமே இந்த அழுகலுக்கு வழி. அடிமண்ணை விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுங்கள்.

பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில் நீர்த்து ஆறவிட்டு, இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒருசேர ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, அது பட்டையைச் சுடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அன்றே தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை பூசிவிடுங்கள். பிறகு ஒட்டுப் பகுதி புதையாதபடி தண்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மண் அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி.

சொறி நோயைக் கையாலேயே அறியலாம். பழுப்புப் புள்ளியை விரலால் தடவினால் தக்கைபோல் சொரசொரக்கும். சுற்றி மஞ்சள் வளையம். இது பாக்டீரியா, மழைச்சாரலில் பரவும். ஆடி மழைக்கு முன் காய்ந்த நாளில் நோய்ப்பட்ட கிளைகளை வெட்டி எரித்து, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். வெட்டுக்கு வெட்டு கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் நீங்களே நோயைப் பரப்புவீர்கள். கொழுந்தில் வெள்ளிக்கோடு வளைந்து ஓடினால் இலைத் துளைப்பான். அந்தக் காயம் வழியாகத்தான் சொறி எளிதில் நுழைகிறது. இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லிட்டரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் துளிர் விடும்போதே தெளித்தால் அடங்கும்.

இலைமேல் பறவை எச்சம்போல் இருப்பது அசைந்தால், அது வண்ணத்துப்பூச்சிப் புழு. தொட்டால் தலையிலிருந்து கொம்புபோல் ஒன்று நீட்டி நாற்றம் விடும். கையாலேயே பொறுக்கிவிடலாம்.

இலையில் கரி படிந்தால் காரணம் அசுவினியோ மாவுப்பூச்சியோ விடும் தேன்கழிவு; எறும்பு ஏறுவதைத் தடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து செதிலாக உதிரும்போது கரியும் சேர்ந்து போகும்.

மருந்தே இல்லாதது பசுமையாதல் (கிரீனிங்) நோய். இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒன்றுபோல் இருக்காது. காய் கோணலாகச் சிறுக்கும். அந்த மரத்தை எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் கொழுந்தில் பின்பக்கத்தைத் தூக்கி உட்காரும் சிறு சைலிட் பூச்சிக்கு மருந்தடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மரத்துக்குத் தாவும். கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் அதன் கொழுந்தையும் புரட்டிப் பாருங்கள், அந்தப் பூச்சி அங்கும் வளரும்.