சபை பிரிந்தபோது யாருக்கும் போகாத செய்தி

2018இல் இலங்கையின் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் (உள்ளூராட்சி மன்றங்கள்) இரண்டும் மொத்தம் ஆறாகப் பிரிந்தன, நினைவிருக்கும். அப்போது நான் ஒரு சபையில் முகாமைத்துவ உதவியாளர். யார் எந்தச் சபைக்குப் போகிறார்கள், எங்கே கையெழுத்து, சம்பளம் எங்கே என்று ஊழியர்களுக்குச் சொல்வது என் தலையில் விழுந்தது.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போட்டு 40 பேருக்கு அனுப்பினேன். மறுநாள் பாதிப்பேர் பழைய அலுவலக வாசலில் நிற்கிறார்கள், "ஒன்னும் வரலயே சார்" என்று. தோட்டப்பக்கம் சிக்னல் இல்லை என்று நினைத்து இரவில் அனுப்பிப் பார்த்தேன். மொழிதான் சிக்கலோ என்று சிங்களச் சுற்றறிக்கையைத் தமிழில் தட்டச்சு செய்தேன் (அது எப்படியும் செய்திருக்க வேண்டியது). மூன்று நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன், செய்தி கிடைத்தவர்கள் எல்லாரும் லீவு கேட்டு அலுவலகத்தின் புது நம்பருக்கு எப்போதாவது கோல் எடுத்து, அதைச் சேமித்தும் வைத்திருந்தவர்கள். பிராட்காஸ்ட் செய்தி, அனுப்புகிறவரின் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பிரிவினையோடு அலுவலகத்துக்குப் புது சிம் வந்திருந்தது, மற்றவர்களிடம் பழைய நம்பர்தான்.

சரி, வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் புது நம்பரை ஒட்டி, காலையில் கையெழுத்து போடும்போதே ஒவ்வொருவர் போனிலும் சேமிக்க வைத்தேன். போன் இல்லாத சுகாதாரத் தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளர் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நிம்மதி.