கூடாரத்தின் ஜிப் நகரவில்லையா? எண்ணெயை எடுக்காதீர்கள்

டிசம்பர் விடுமுறையில் கோவளம் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மணலை உதறி, மடித்து, பரணில் ஏற்றிவிட்டேன். அடுத்து அதைப் பிரித்தது மே மாதம், கொடைக்கானலில். கோடை மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் கதவு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. விடியும்வரை அந்தத் திறப்பைத் துண்டு வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் தேங்காய் எண்ணெய் தடவினேன். உடனே வழுக்கிக்கொண்டு ஓடியது. அது இரண்டே பயணங்களுக்குத்தான். எண்ணெயில் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உப்புத்தாள் போலத் தேய்த்து, ரன்னரின், அதாவது ஜிப்பை இழுக்கும்போது பற்களைச் சேர்த்துக்கொண்டு ஓடும் உலோகத் துண்டின், உட்புறத்தையே தின்றுவிட்டது. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஜிப் எந்த வகை என்று பாருங்கள். கூடாரத்திலும் பெரும்பாலான முதுகுப் பைகளிலும் இருப்பது சுருள் ஜிப். தனித்தனிப் பல் கிடையாது. ஒரே நைலான் அல்லது பாலியஸ்டர் இழை ஸ்பிரிங் போலச் சுருண்டு ஓடும், அதன் வளைவுகள்தான் பற்கள். குளிர் ஜாக்கெட்டுகளில் தனித்தனி பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். பழைய கான்வாஸ் பைகளில் பித்தளைப் பற்கள். சுருள் வகையில் நடுவில் பிரிந்துகொண்டால் ரன்னரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி மூடினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பல் ஒன்று உடைந்துபோனால் அது திரும்பி வராது.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலு சொட்டு விடுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், கூடாரத் துணியின் பூச்சைக் கெடுக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் பற்களின் இரண்டு பக்கமும் தேயுங்கள். ஜிப்பை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை. ரன்னருக்குள்ளே மணல் தங்கியிருக்கும். பிரஷ் அங்கே நுழையாது. குழாய்த் தண்ணீரை ரன்னரின் வாய் வழியாக விட்டுக்கொண்டே மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நன்றாக அலசி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள்.

நான் பார்த்தவரை, இறுகிய ஜிப்களில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடுகின்றன. கடலுக்குப் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு காய்ந்து ரன்னரின் உலோகத்தை அரிக்க ஆரம்பித்தால் வேலை கூடிவிடும்.

ரன்னரில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதுதான் அந்த அரிப்பு. சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பஞ்சில் நனைத்து, பத்து நிமிடம் அதன்மேல் வையுங்கள். அப்புறம் பிரஷ், அப்புறம் நிறையத் தண்ணீர். வினிகர் உள்ளே தங்கக் கூடாது.

மெழுகு

என் தேர்வு சாதாரண வெள்ளை மெழுகுவத்திதான். பல்வரிசையின் இரண்டு முகத்திலும் தேய்த்து, ரன்னரைப் பத்துப் பதினைந்து முறை ஓட்டி, வெளியே தள்ளப்பட்ட மெழுகைத் துணியால் துடையுங்கள். காய்ந்த பொருள் என்பதால் எண்ணெய் அளவுக்குத் தூசியை இழுக்காது. சிலிக்கான் ஸ்பிரேயும் நல்லதே, ஆனால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் அடித்து, பற்களில் மட்டும் தடவுங்கள். துணியில் பட்ட இடத்தில் பிறகு ஒட்டுப்போட வேண்டி வந்தால் பசை பிடிக்காது. பென்சில் கரி உலோகப் பற்களுக்குப் பொருந்தும், வெளிர்நிறத் துணியில் கறையாகும். வாசலினும் கிரீஸும் கூடாரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டால்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். ரன்னர் சுலபமாக ஓடுகிறது, ஆனால் அது கடந்துபோன இடத்தில் பற்கள் சேராமல் திறந்தே கிடக்கின்றன. ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார் நான் கேட்ட தையல்காரர். தேவையில்லை. பற்கள் நன்றாக இருக்கின்றன. ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் தேய்ந்து விலகிவிட்டதால் பற்களை அழுத்திச் சேர்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரன்னரை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் இரண்டு வாய், மறுமுனையில் ஒரு வாய். இரண்டு வாய்க்கும் நடுவே ஒரு தூண் இரண்டு தகடுகளையும் பிடித்திருக்கும். அந்த முனையை அழுத்திப் பயனில்லை, தூண் விடாது. நான் முதல் தடவை அங்கேதான் பிளையரை வைத்தேன். ரன்னரில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். அழுத்த வேண்டியது ஒற்றை வாய் இருக்கும் பின்முனையின் இடது ஓரமும் வலது ஓரமும்.

ரன்னரை முழுக்கத் திறந்த நிலைக்குக் கொண்டுபோங்கள். சிறிய பிளையரால் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய அழுத்தம், வலது ஓரத்தில் அதே அளவு. ஓட்டிப் பாருங்கள். சேரவில்லை என்றால் இன்னொரு சுற்று. ஒரே அழுத்தில் முடிக்க நினைக்காதீர்கள்: பல ரன்னர்கள் வார்ப்பு உலோகம், வளையாமல் பட்டென்று உடையும். கூடுதலாக அழுத்திவிட்டால் ரன்னர் நகராது. மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டுக் கொஞ்சம் விரிக்கலாம். எனக்கு நான்காவது சுற்றில் பற்கள் கச்சிதமாகச் சேர்ந்தன. கதவில் இரண்டு ரன்னர் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

அழுத்தியும் சில வாரங்களில் மறுபடி பிளந்தால் ரன்னரின் ஆயுள் முடிந்தது. அதை மட்டும் மாற்றலாம். அதன் முதுகில் 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும். மூடிய பற்களின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்லும் அளவு அது. எண் மட்டும் பொருந்தினால் போதாது, சுருள் ஜிப்புக்குச் சுருள் ரன்னர்தான் வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு தையல் பொருள் கடைக்குப் போங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், மழை ஜாக்கெட்டின் ஜிப்புக்கும் இப்படியே செய்யலாமா என்று கேட்டார். வெளியே ரப்பர் போல வழவழப்பாக இருக்கும் ஜிப் என்றால் பிரஷ்ஷால் அந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், நீர் புகாமல் காக்கும் படலம் உரியும். அதில் பற்கள் உட்பக்கம் இருக்கும். வெளியே ஈரத்துணி, உள்ளே மென்மையான பிரஷ். மெழுகும் உட்பக்கம் மட்டும், மிகக் குறைவாக.

இன்னொருவருக்குக் கூடாரத்தின் உள்துணி ரன்னரில் மாட்டிக்கொண்டது. முன்னோக்கி இழுத்தால் துணி கிழியும். ரன்னரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, மாட்டிய துணியைப் பக்கவாட்டில் மெதுவாக உருவ வேண்டும். கதவு வளையும் மூலையில்தான் இது அடிக்கடி நடக்கும். அங்கே ஒரு கையால் துணியை நேராகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுங்கள்.