முழங்கிய தவிலை அடக்கிய விதம்

திருநகரில் மாடியிலுள்ள என் ஒலிப்பதிவு அறை நீளம் 10 அடி, அகலமும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. முளைப்பாரித் திருவிழாவுக்காகப் பதிவு செய்த பாடலில் தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் அடங்காமல் முழங்கி, பாடகியின் சொற்களை விழுங்கியது. பெரிய ஸ்பீக்கர் வாங்கச் சொல்லாதவர் இல்லை. ஆனால் 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலியலை தேங்கும் என்பதாலும், நீளமும் அகலமும் ஒன்றாயிருந்ததால் அத்தேக்கம் இன்னும் வலுத்ததாலும், வாட்டைக் கூட்டினால் முழக்கம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது.

ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இழுத்து, ட்வீட்டர் (உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு பகுதி) காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் ஏற்றி, அவையிரண்டும் என் தலையும் சமபக்க முக்கோணமாக அமையச் செய்தேன். நான் நாற்காலியில் அமர்ந்திருக்க, தம்பி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனான். அதில் ஸ்பீக்கர் எனக்குத் தெரிந்த இடங்களில்தான் ஒலி சுவரில் பட்டு என் காதுக்குத் திரும்பும். அங்கெல்லாம் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறை இழைப் பஞ்சு) நிரப்பிய மரச்சட்டங்களை மாட்டி, மூலைகளில் இன்னும் தடிமனானவற்றை நிறுத்தினோம். (பலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டைக்கெல்லாம் தாழ்ந்த ஒலி அசையாது.)

அடுத்தது ஒலியளவு. சத்தம் குறைவாயிருக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது மந்தமாகவே உணரும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டியுள்ளனர். சத்தமாக வைத்து மிக்சிங் (பதிவான ஒலிகளை அளவறிந்து கலப்பது) செய்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதுமென்று தோன்றும். வீட்டில் மெதுவாகக் கேட்பவருக்கோ பாட்டு மெலிந்துவிடும். ஆகவே 75 டெசிபலுக்கு ஒலியளவுக் குமிழில் ஒரு கோடு போட்டு அதிலேயே வேலை செய்கிறேன். இரண்டு மிக்ஸ்களை ஒப்பிடும்போதும் ஒலியளவைச் சமப்படுத்திய பிறகே கேட்கிறேன். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும்.