ராமநாதபுரம் கடற்கரையில் கேரவனுக்குத் தண்ணீர் நிரப்பும் முறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கும்: குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி. கேரவனிலும் அப்படியே இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு பொருத்திய தொட்டி குளிக்க, கழுவ. குடிக்கவும் சமைக்கவும் தனியாக இரண்டு 20 லிட்டர் கேன்கள், அவற்றுக்கென்று ஒரு சின்னக் கைப்பம்பு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் முதல் நாளே காபி கரிக்கும். சில வாரங்களில் ஹீட்டர் காயிலில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து அதுவும் போய்விடும்.

இரண்டு பேர், மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 30 லிட்டர். இரண்டு கேன் போதும், பத்து லிட்டர் மிச்சம். வாளியில் அளந்து குளித்தால் மற்றதற்கெல்லாம் ஆளுக்கு 15 லிட்டர், அதாவது 90 லிட்டர். 100 லிட்டர் தொட்டி இதற்குச் சரியாக இருக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் நிரம்பிய தொட்டியே 100 கிலோ. மனிதர்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து வண்டியின் அனுமதித்த எடைக்குள் வருகிறதா என்று ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீரோடு போனால் வளைவில் அலைந்து வண்டியை இழுக்கும். பாம்பன் பாலத்தில் பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஏறுவதற்கு முன் ஒன்று நிரப்பிவிடுங்கள், அல்லது நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

எங்கே நிரப்புவது?

மதுரைப் பக்கமிருந்து வந்தால் ராமநாதபுரம் ஊரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. அங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், தனுஷ்கோடி அதற்கும் அப்பால். போகப்போக நல்ல தண்ணீர் அருமையாகிக்கொண்டே வரும். மாவட்டத்தின் பல ஊர்களுக்குத் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில்தான் தண்ணீர் வருகிறது. நாள் முழுக்க வராது. வரும் நேரத்தில் தெருவே குடத்தோடு நிற்கும். அந்த வரிசையில் 100 லிட்டர் தொட்டியோடு போய் நிற்காதீர்கள். ஒரு குடம் ஏறக்குறைய 15 லிட்டர். நீங்கள் எடுப்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பங்கு.

நம்பகமான வழி, 20 லிட்டர் கேன் நிரப்பி விற்கும் ஆர்.ஓ. தண்ணீர் கம்பெனிதான். சொந்த ஓஸோடு போய், "அண்ணே, வண்டித் தொட்டிக்கு லிட்டர் கணக்குல பிடிச்சுக்கிறலாமா?" என்று கேளுங்கள். காலையில் கேன் வண்டிகள் ஏற்றும் நேரத்தைத் தவிர்த்து மதியத்துக்கு மேல் போனால் மறுக்க மாட்டார்கள். டிராக்டர் டேங்கரில் வாங்குவதானால் முதலில், "குடிக்கிற தண்ணியா, புழங்குற தண்ணியா?" என்று கேட்டுவிடுங்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். புழங்குற தண்ணி என்றால் வண்டித் தொட்டிக்கு மட்டும், அதுவும் அளந்து பார்த்த பிறகு.

அளப்பதற்கு ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி, கட்டாயம் வேண்டும். இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 10500 குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கேனுக்கு 500க்குள், வண்டித் தொட்டிக்கு 1000க்குள் என்று வைத்துக்கொண்டால் பம்பும் ஹீட்டரும் பிழைக்கும். கடல் தண்ணீர் ஏறக்குறைய 35,000. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் கடல் நீர் கலந்தாலே 350 ஏறிவிடும். மீட்டருக்கு மீட்டர் கணக்கிடும் விகிதம் மாறும். ஒன்றில் 500 காட்டும் தண்ணீர் இன்னொன்றில் 700 காட்டலாம். அதனால் எப்போதும் ஒரே மீட்டரை வைத்தே ஒப்பிடுங்கள். மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

கிணற்றுத் தண்ணீர் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இந்தக் கரையில் மணலுக்குள் இறங்கும் மழைநீர், எடை குறைவு என்பதால், அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் சுரப்பது இதனால்தான். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் நிற்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் அடியிலுள்ள உப்பு பல மடங்கு மேலே ஏறி வரும். சிரட்டையால் அள்ளும் ஊற்று இனிப்பதும், பக்கத்திலேயே மோட்டார் போட்ட கிணறு கரிப்பதும் இந்த வித்தியாசத்தால்தான். ஆகவே மோட்டார் கிணற்றில் முதல் வாளியை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். பாதி நிரம்பியதும் ஒருமுறை, முடியும் முன் ஒருமுறை அளங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்துங்கள். தனுஷ்கோடி ஊற்றுகள் அங்கு வாழும் மீனவக் குடும்பங்களின் குடிநீர். அதில் வண்டிக்குத் தண்ணீர் எடுக்கவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசியில் கிணற்று எண்கள் இறங்கியிருக்கும். ஆனி, ஆடியில் அதே கிணறு வேறு கிணறு போல இருக்கும். போன முறை அளந்ததை நம்பி நிரப்பாதீர்கள்.

என்னென்ன கையில் வேண்டும்?

உணவுத் தர ஓஸ் அரை அங்குலத்தில் 15 மீட்டர். தோட்டத்துப் பச்சை ஓஸ் வெயிலில் சூடேறினால் தண்ணீரில் ரப்பர் வாடை இறங்கும். வெளிநாட்டில் செய்த வண்டி என்றால் அதோடு வரும் இணைப்பான் இங்கே பெரும்பாலும் பொருந்தாது. நம் ஊர்க் குழாய்கள் அதிகமும் அரை அங்குலம், பல இடங்களில் மரையே இருக்காது. அதனால் அரை அங்குல மரை இணைப்பான் ஒன்று, மரையில்லாக் குழாயில் மாட்டும் ரப்பர் இணைப்பான் ஒன்று, இரண்டு ஓஸ் கிளிப், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓஸின் நடுவே 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர். குடத்திலிருந்தோ டிரம்மிலிருந்தோ ஏற்ற வேண்டிவந்தால் 12 வோல்ட் முங்கு பம்பு ஒன்று, ஃபியூஸோடு. நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு பத்து நிமிடத்தில் தொட்டியை நிரப்பிவிடும். இந்தப் பம்பை டிரம்மில் மட்டும் போடுங்கள். பொதுக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது தடை செய்யப்பட்டது. அது மட்டுமல்ல, அப்படி உறிஞ்சும்போது குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும். கழிப்பறைத் தொட்டி கழுவ வேறு நிற ஓஸ், வேறு பெட்டியில்.

நிரப்பும்போது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் தொட்டி நிரம்பாமலே வழியும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மணலை ஈரத்துணியால் துடையுங்கள். இங்கே காற்று ஓயாது, திறந்த வாயில் ஒரு பிடி மணல் விழ ஒரு நிமிடம் போதும். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். விட்டுவிட்டு வரும் குழாயில் முதலில் வண்டலும் துருவும்தான் வரும். நிறம் தெளியும்வரை வாளியில் பிடித்து, அதை டயர் கழுவ வைத்துக்கொள்ளலாம். பிறகு மோந்து பாருங்கள், ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள், மீட்டரை முக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஓஸ் தொட்டிக்குப் போக வேண்டும்.

ஓஸ் நுனியை நிரப்புவாயில் இறுக்கித் திணிக்கக் கூடாது. தொட்டிக்குள் இருக்கும் காற்று வெளியே வர வழி வேண்டும். நுனி தண்ணீருக்குள் முங்கியும் இருக்கக் கூடாது. நடுவில் சப்ளை நின்றால் உங்கள் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி ஊர்க் குழாய்க்குள் போய்விடும். அளவுமானி முக்கால் காட்டியதும் குழாயைப் பாதியாகக் குறைத்து, காற்றுக் குழாயில் சொட்டு வந்ததும் நிறுத்துங்கள். ஓஸைத் தலைகீழாகப் பிடித்து வடித்து, இரண்டு நுனியையும் மூடி, நிழலில் சுருட்டி வையுங்கள்.

குளோரின் கணக்கு

குழாய்த் தண்ணீரில் இலேசான குளோரின் வாடை இருந்தால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். வாடையே இல்லாத தண்ணீருக்கு, வாசனை, சோப்பு எதுவும் கலக்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 லிட்டருக்கு 4 மில்லி. அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஆகும். அரை மணி நேரம் விடுங்கள். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. ஊருணித் தண்ணீர் என்றால் முதலில் தெளியவைக்க வேண்டும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றி வைக்கும் பழைய வழி இதற்கு நன்றாகவே உதவும், சில மணி நேரத்தில் வண்டல் அடியில் இறங்கும். மேலிருக்கும் தெளிவை மட்டும் துணியில் வடித்து, பிறகு குளோரின்.

தொட்டியையே சுத்தம் செய்ய அளவு வேறு. 100 லிட்டர் தண்ணீருக்கு அதே திரவம் 100 மில்லி. எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் வைத்து, வடித்து, இரண்டு முறை அலசுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், உலோகத்தில் புள்ளி விழும். பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் 33 சதவீதத் தூள் 15 கிராமை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போனால் பம்பு வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். திறந்து கிடந்த பொட்டலம் இந்த வெக்கையில் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

கோளாறு வந்தால்

நிரப்பும்போதே வாய் வழியாகத் தண்ணீர் திருப்பி அடித்தால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பெரும்பாலும் மணல், சில நேரம் குளவிக்கூடு. பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் பம்புக்கு முன்னால் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். மணலைக் கழுவி, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அந்த வளையம் விலகினால் பம்பு காற்றை மட்டுமே உறிஞ்சும். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு தானாக அவ்வப்போது துடித்தால் எங்கோ ஒழுகுகிறது. தொட்டி காலி, அளவுமானி மட்டும் நிறைவு காட்டுகிறது என்றால் உணர்முனைகளில் உப்பு படிந்திருக்கிறது. வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகும். பச்சை படிந்தால் வெயில் படும் வெள்ளைத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், குளோரின் சீக்கிரம் போய்விடும். மூன்று நாளுக்கு மேல் நின்ற தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சோப்புத் தண்ணீரை மணலில் திறந்துவிடாதீர்கள். சில அடி ஆழத்தில் இருப்பது யாரோ குடிக்கும் ஊற்று. அதற்கென ஒரு தொட்டியில் சேர்த்து, ராமேஸ்வரத்திலோ ராமநாதபுரத்திலோ தங்குமிடத்தின் கழிவுநீர்த் தொட்டியில் கேட்டுக்கொண்டு கொட்டுங்கள்.