கோழிக்கு வைட்டமின் சி: பித்தளை அண்டாவில் கலக்காதீர்கள்

போன கத்திரி வெயிலில் என் 12 முட்டைக்கோழிகளும் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டிக்கொண்டு நின்றன. போதாததற்குத் தோல்முட்டை வேறு. விரல் பட்டாலே அமுங்கியது. வைட்டமின் சி கொடுக்கச் சொன்னார்கள். பத்து நாள் கொடுத்தும் மாற்றமே இல்லை. தப்பு மாத்திரையில் இல்லை, நான் கலக்கிய விதத்தில்.

கோழிக்கு வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இரைக்க இரைக்கக் கரியமில வாயு வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், ஓடு மெலியும். வைட்டமின் சியை அதன் சிறுநீரகமே தயாரித்துக்கொள்ளும் என்றாலும், கடும் வெயிலில் அது போதாது.

1. அளவு

தீவனத்தில் கலப்பதென்றால் கிலோவுக்கு 200 முதல் 250 மில்லிகிராம். ஆனால் வெயிலில் கோழி தீவனத்தை எங்கே தொடுகிறது? எனவே தண்ணீர்தான். 4 லிட்டருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நன்றாகப் பொடித்து. தின்பதைப் போல இரு மடங்காவது குடிக்கும் என்பதால் கணக்கு சரியாக வரும். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை எனக்குப் பிடிக்காது: சர்க்கரை, பிசுபிசுப்பு, மாலைக்குள் எறும்பு. சாதா மாத்திரை போதும். நூறு கோழி இருந்தால் கால்நடை மருந்துக் கடையில் பொடியாக வாங்குங்கள்.

2. தண்ணீர்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரை அப்படியே பித்தளை அண்டாவில் பிடித்து, காலை ஆறு மணிக்கே ஒரு நாளைக்கானதைக் கலக்கி முற்றத்தில் வைத்துவிடுவேன். குளோரின் வைட்டமினைத் தின்றது. பித்தளையில் இருக்கும் செம்பு மிச்சத்தைச் சிதைத்தது. வெயில் கணக்கை முடித்தது. கோழி குடித்தது வெறும் தண்ணீர்!

இப்போது முந்தின நாள் மாலையே பிளாஸ்டிக் வாளியில் பிடித்து மூடாமல் வைக்கிறேன். விடிவதற்குள் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

3. நேரம்

காலை பத்துக்கு 2 லிட்டரில் அரை மாத்திரை, ஒரு மணிக்கு மறுபடி அதே அளவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்கிற அளவே கலக்குங்கள். குடிநீர்த் தட்டு முருங்கை நிழலில் இருக்கட்டும். மாலையில் வெறும் தண்ணீர். தீவனம் விடியற்காலையிலும் ஐந்து மணிக்கு மேலும்தான். உச்சி வெயிலில் தின்றால் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு வாரத்தில் தோல்முட்டை நின்றது. அதே சமயம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் தென்னங்கீற்றும் போட்டிருந்தேன், எனவே முழுப் பெருமையும் மாத்திரைக்குப் போகாது.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் தட்டிலும் பலனில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், செங்கறை படியும் போர்வெல் தண்ணீர். இரும்பும் செம்பு மாதிரிதான், வேறு தண்ணீர் பாருங்கள். நெல்லிக்காய் அரைத்து ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கோழி குடிக்கும், ஆனால் அளவு பிடிபடாது, மதியத்துக்குள் புளித்தும் போகும். அப்புறம், வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் இதைக் கலக்கவே வேண்டாம்.