லைவ் ராக் ஆல்பம் கேட்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டுடியோவில் கேட்டுப் பழகிய பாட்டு அப்படியே வரும் என்று நினைத்து லைவ் ஆல்பத்தைப் போடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. வரியை மாற்றிவிட்டாரே, வேகம் கூடிவிட்டதே என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் அன்றைய இரவு மேடையில் நடந்தது எதுவும் காதில் ஏறாது.

ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘விப்பிங் போஸ்ட்’ அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துச் சொச்சம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானதோ 23 நிமிடம். பாட்டின் பெயரைச் சொல்வதற்குள் கூட்டத்தில் ஒருவர் அதைக் கத்திவிடுகிறார். கிட்டார் வாசிக்கும் டுவேன் ஆல்மன் ஆமாம் என்கிறார். பெரி ஓக்லியின் பேஸ் கிட்டார் தொடங்குகிறது. நடுவில் தாளமே கரைந்துபோய், அடுத்து எங்கே போவது என்று எல்லோரும் ஒருவர் காதை ஒருவர் நம்பி நகர்கிறார்கள். பலர் கேட்காமல் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். எனக்கு அந்த ஆல்பத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கடைசியில் கைதட்டலுக்கு அடியில் அடுத்த பாட்டின் மெட்டு எட்டிப் பார்க்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். ‘மவுன்டன் ஜாம்’ என்ற அந்தப் பாட்டு, டுவேன் இறந்த பிறகு 1972-இல் வேறொரு ஆல்பத்தில் வந்தது.

அடுத்தது, லைவ் என்றால் கை வைக்காத பதிவு என்று நம்புவது. கிஸ் குழுவின் ‘அலைவ்!’ ஆல்பத்தில் பல பகுதிகள் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டவை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘யூரோப் ’72’-இல் குரல்களை ஊர் திரும்பிய பிறகு மறுபடி பாடிச் சேர்த்தார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து பொறுக்கி எடுத்தது. இது தெரிந்துவிட்டால் ஏமாந்துவிட்டோம் என்று தூக்கிப்போட வேண்டாம். எது அன்றைக்கே வாசித்தது, எது பிறகு ஒட்டியது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள், அவ்வளவுதான்.

ரசிகர்களே எடுத்துக் கைமாற்றிய பதிவுகளில் வேறொரு தவறு நடக்கிறது. சவுண்ட்போர்டு பதிவு, அதாவது அரங்கின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்தே நேராக எடுத்தது என்றால் உசத்தி, கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது மட்டம் என்ற எண்ணம். சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் சத்தமே போதும், மிக்சர் வழியாக அதை அதிகம் ஏற்ற மாட்டார்கள். சவுண்ட்போர்டு டேப்பில் விழுவதோ மிக்சருக்குள் போனது மட்டும்தான். அதனால் குரல் காதைப் பிளக்கும், கிட்டார் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் இருக்கும். நல்ல இடத்தில் நின்று எடுத்த ரசிகர் பதிவில் அரங்கு மொத்தமும் இருக்கும். கிரேட்ஃபுல் டெட் 1984-லிருந்து பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது.

டேப்பின் இரைச்சலைக் கேட்டதும் நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தி ஹூ குழு ‘லைவ் அட் லீட்ஸ்’ இசைத்தட்டின் லேபிளிலேயே, கரகரப்புச் சத்தம் இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தது. இரண்டு பாட்டு பொறுத்தால் காது தானாகப் பழகிவிடும்.

ஷஃபிளில் போடாதீர்கள். வரிசை மாறினால் கச்சேரியின் ஏற்ற இறக்கம் போய்விடும். சில சமயம் வெளியிடுகிறவர்களே மாற்றிவிடுகிறார்கள். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸில் தி ஹூ ‘டாமி’ என்ற தன் ராக் ஆப்பராவை, அதாவது ஒரே கதையைச் சொல்லும் பாட்டுத் தொடரை, நடுவில்தான் வாசித்தது. ‘லைவ் அட் லீட்ஸ்’ ஆல்பத்தின் 2001 டீலக்ஸ் பதிப்போ அதைத் தனியாக இரண்டாவது டிஸ்க்கில் வைத்திருக்கிறது. முதல் டிஸ்க்கில் ‘எ குயிக் ஒன்’ முடிந்ததும் நிறுத்தி, இரண்டாவதை முழுக்கக் கேட்டு, அப்புறம் ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ஸுக்குத் திரும்புங்கள். ‘டாமி’யின் உச்சத்திலிருந்து நேராக அதில் இறங்கும்போது அந்தப் பாட்டின் வேகமே வேறாக இருக்கும்.