சவரக் கத்தி மழுங்கிவிட்டதா? கல்லை எடுப்பதற்கு முன் வாரைப் பாருங்கள்

மடக்குச் சவரக் கத்தி வாங்கிய முதல் மூன்று மாதத்தில் அதை ஐந்து முறை கல்லில் தீட்டினேன். ஐந்தும் வீண் வேலை. கத்தி நன்றாகத்தான் இருந்தது. அதைத் தினமும் தோல்வாரில், அதாவது கூரைச் சரிசெய்யத் தேய்க்கும் தோல் பட்டையில், தேய்த்துத் தேய்த்து நானே மழுக்கிக்கொண்டிருந்தேன். இது புரிய மூன்று மாதமும் கன்னம் நிறையக் கீறலும் ஆயிற்று.

பிளேடு மாற்றிப் போடுகிற வகைக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. பிளேடை மாற்றினால் வேலை முடிந்தது. முழு அலகும் ஒரே எஃகாக இருக்கும் கத்திக்குத்தான் இது.

ஏன் மழுங்குகிறது?

முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினம். அப்படியும் கத்தி தோற்கிறது. 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். முடி வளைந்து விளிம்பில் சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்கின்றன. அவர்கள் சோதித்தது சாதாரண ரேஸர் பிளேடைத்தான், ஆனாலும் நமக்கும் பாடம் உண்டு. பெயர்ந்த சில்லை எந்த வாராலும் ஒட்டவைக்க முடியாது, அதற்குக் கல் வேண்டும். லேசாகப் புரண்ட விளிம்பை நிமிர்த்துவதும் சுத்தப்படுத்துவதும் மட்டும்தான் வாரின் வேலை. தினசரிச் சவரத்துக்குப் பெரும்பாலும் அது போதும்.

தினமும் வாரில்

சவரத்துக்கு முன், கத்தி உலர்ந்திருக்கும்போது தேய்க்க வேண்டும். வாருக்குத் துணிப்பக்கம் இருந்தால் முதலில் அதில் 20 முறை, பிறகு தோலில் 50 முறை. போய் வருவதை ஒன்று என்று எண்ணுங்கள். அலகைத் தட்டையாகக் கிடத்துங்கள், முதுகும் விளிம்பும் சேர்ந்தே தோலைத் தொட வேண்டும். நகரும்போது முதுகு முன்னால் போகும், விளிம்பு பின்னால் வரும். மாற்றிப் போனால் வார் அறுந்துவிடும். கத்தியின் எடையே போதும், கையால் அழுத்த வேண்டாம்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு எங்கே கோளாறு? இரண்டு இடத்தில்.

முதலாவது, திருப்பும் இடம். ஒரு முனைக்குப் போனதும் கத்தியை மறுபக்கம் புரட்ட வேண்டும். நான் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்யும்போது முதுகு தோலைவிட்டு ஒரு நொடி எழும்புகிறது, விளிம்பு தனியாகத் தோலில் குத்தி நிற்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர் போகிறது. என் பழைய வாரின் மேல்முனையில் நகக்கீறல் மாதிரி ஏழெட்டுப் பிறைகள் இன்னும் இருக்கின்றன, எல்லாம் அந்தக் காலத்து நினைவுச் சின்னங்கள்.

சரியான வழி இது. அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் கழுத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பென்சிலை உருட்டுவதுபோல உருட்டுங்கள். மணிக்கட்டு அசையக் கூடாது. முதலில் நின்றுவிட்டு, அப்புறம் முதுகின் மேலேயே புரட்டி, முழுதும் படிந்த பிறகு திரும்பி வாருங்கள். சலூனில் பார்த்த வேகம் நமக்கு வேண்டாம். முதல் மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி நின்றால் போதும், வேகம் தானாக வரும்.

இரண்டாவது, தொய்வு. வாரை ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடிக்கிறோம். கை களைத்ததும் நமக்கே தெரியாமல் அது ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்கும். தொங்கும் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து, கூரை உருட்டிவிடும். பார்த்தால் தெரியாது, காது கேட்டால் தெரியும். இறுக்கமான வாரில் 'சர்...' என்று ஒரே சீரான ஓசை வரும். தொய்ந்தால் கடைசி ஒரு சாண் தூரத்தில் ஓசை தடித்துப்போகும். எனக்கு இது பிடிபட்டது வாரைக் கழற்றி மேசைமேல் கிடத்தித் தேய்த்தபோதுதான். அன்றைக்கே சவரம் மாறிவிட்டது. தொடங்குகிறவர்கள் மேசையிலிருந்தே தொடங்குங்கள், தொங்கவிடுவதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குவதாக இருந்தால் 7.5 செ.மீ. அகல வாரையே வாங்குங்கள். அலகு முழுவதும் அதில் அடங்கும். 5 செ.மீ. வாரில் குறுக்காகவும் நகர்த்த வேண்டும், புதிய கைக்கு அது இன்னொரு தொல்லை.

பச்சைப் பசை

குரோமியம் ஆக்சைடு என்கிற பச்சைப் பசை, பொதுவாக 0.5 மைக்ரான் துகள். கத்தி முடியை லேசாக இழுக்கத் தொடங்கினால் இதில் ஏழெட்டு முறை தேய்த்தால் கூர் திரும்பும். ஆனால் தினசரி வாரில் தடவிவிடாதீர்கள், தடவினால் எடுக்க முடியாது. தனியாக ஒரு பால்சா மரத் துண்டில் தடவி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாதம் ஒருமுறை போதும். வாரம் மூன்று முறை போடுகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

கல் எப்போது?

வாரும் பசையும் கைவிட்ட பிறகு. எனக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 12000 கிரிட் கல் ஒன்று போதும் (கிரிட் என்பது கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்; எண் கூடக் கூடக் கல் நுண்மையானது). முதலில் கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் துகள் பதித்த தகட்டில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கோடுகள் எல்லாம் அழிய வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து, விளிம்பை முன்னால் விட்டு 20 முறை. வாருக்கு நேர் எதிர்த் திசை என்பதை மறக்க வேண்டாம். இங்கேயும் அழுத்தம் கூடாது.

முதுகில் நாடா ஒட்டித் தீட்டிய கத்தி என்றால் அடுத்த முறையும் நாடா ஒட்டியே ஆகவேண்டும். நாடாவின் தடிமன் கோணத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. நாடா இல்லாமல் வைத்தால் கல் விளிம்புக்குச் சற்றுப் பின்னால்தான் படும், நீங்கள் மணிக்கணக்கில் தேய்த்தாலும் கூர் வராது. சந்தேகம் என்றால் விளிம்போரம் மார்க்கர் மை பூசி இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். நுனியில் மை மிச்சமிருந்தால் கல் அங்கே தொடவில்லை.

குழாயில் இடித்துக் கண்ணுக்குத் தெரியும் சில்லு போய்விட்டதா? 1000 கிரிட்டிலிருந்து தொடங்க வேண்டிய வேலை அது. முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தலைமுடியைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்க்கும் சோதனையை நான் விட்டுவிட்டேன். முடிக்கு முடி தடிமன் வேறு, அறுந்தாலும் அறாவிட்டாலும் ஒன்றும் நிச்சயமில்லை. காது ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் முகமே சொல்லிவிடும்.

பிற்சேர்க்கை 1: புதுக் கத்தி, வாரில் நூறு முறை தேய்த்தும் இழுக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் பல கத்திகள் சவரத்துக்குத் தயாராக வருவதில்லை. இல்லாத கூர்மையை வார் உண்டாக்காது. முதலில் ஒருமுறை கல்லில் முழுதாகத் தீட்ட வேண்டும்.

பிற்சேர்க்கை 2: கூர் சரியாக இருந்தும் எரிகிறது என்று ஒருவர் எழுதினார். விசாரித்ததில் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறார். தோலுக்கும் அலகுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி இருக்கட்டும். முடி நன்றாக ஊறாமல் கத்தி வைக்கவும் வேண்டாம்.

பிற்சேர்க்கை 3: துரு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்குப் பழகிவிட்டதால் விட்டுப்போயிற்று. கார்பன் எஃகு ஈரம் தாங்காது. சவரம் முடிந்ததும் கழுவி, முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், விளிம்போடு நீளவாக்கில் இழுத்தால் விரல் போகும். துருப் புள்ளி முதலில் வருவது அலகில் அல்ல, ஆணி அடித்த கீலில். காகிதக் கைக்குட்டையின் ஓரத்தை முறுக்கி அந்த இடுக்கில் விட்டு ஈரத்தை உறிஞ்சுங்கள். இரண்டு மூன்று நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் அலகில் ஒரு சொட்டு மினரல் எண்ணெய், கீலில் ஒரு சொட்டு. குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.